பக்கத்துத் தோட்டத்து நாயும் நம் கோழியும்: எந்த வழி தாங்கும்?

ஈரோடு மாவட்டத்துக் கோபிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் 14 நாட்டுக்கோழிகள் இருந்தன. போன கார்த்திகையில் ஒரு விடியற்காலை பக்கத்துத் தோட்டத்து நாய்கள் இரண்டும் வந்துபோன பிறகு 9 தான் மிச்சம். செத்துக் கிடந்த ஐந்தில் ஒன்றைக்கூட அவை தின்னவில்லை. கோழி படபடவென்று இறக்கை அடித்தால் நாய்க்குத் துரத்தும் வெறி ஏறிவிடும். ஒன்று அடங்கியதும் அடுத்ததைப் பார்த்து ஓடும். வயிறு நிறைந்த வளர்ப்பு நாய்கூட ஒரே நேரத்தில் பல கோழிகளைக் கொன்றுபோடுவது இதனால்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்தோம்.

எல்லோரும் முதலில் எடுப்பது கொடாப்பைத்தான், கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை. பருந்துக்கும் காக்கைக்கும் அது சரி. நாய் மூக்கை விட்டு நெம்பினால் மூங்கில் கொடாப்பு கவிழ்ந்துவிடும். மேலே கல் வைத்து, நாம் வாசலில் இருக்கும் நேரத்தில் தாயையும் குஞ்சையும் கவிழ்த்து வைக்கலாம், அவ்வளவுதான். இரவுக்குத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திய, தாழ்ப்பாள் போட்ட கூண்டு கட்டாயம் வேண்டும். கீரி, மரநாய்க்கும் சேர்த்து அதுதான் காவல். பகல் முழுக்க அடைத்தே வளர்க்கலாமே என்றால், தீவனச் செலவு ஏறும், இடம் நெருக்கடியானால் ஒன்றை ஒன்று கொத்திப் புண்ணாக்கும். மேய்ந்து பழகிய கோழியை அப்படி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்போது வேலி. இதில்தான் பணம் வீணாகிறது. கடையில் ‘கோழி வலை’ என்று கேட்டால் அறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பி வலையைத் தருவார்கள். கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும், நாய் உள்ளே வராமல் இருக்கப் போதாது. நாங்கள் வாங்கிக் கட்டிய மூன்றாம் நாளே ஒரு மூலையில் கம்பி பிய்ந்து, ஓட்டை விளிம்பில் செம்பட்டை முடி சிக்கியிருந்தது. நாய்க்குக் கம்பிகளைப் பற்றவைத்த வெல்டு மெஷ் அல்லது தடித்த கம்பியைப் பின்னிய செயின் லிங்க் வலைதான், ஐந்தடி உயரத்துக்குக் குறையாமல். உயரத்தைவிட முக்கியம் அடிப்பக்கம். ஏறித் தாண்டும் நாயைவிடத் தோண்டி நுழையும் நாய்தான் அதிகம். ஓரடி ஆழம் பறித்து வலையைப் புதைக்கலாம். எங்கள் கல்லாங்காட்டில் அது ஆகாது. அதனால் ஒன்றரை அடி வலையை வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் விரித்து, மேலே கல் அடுக்கினோம். நாய் வேலியின் காலடியில்தான் பிறாண்டும். அங்கே கம்பி தட்டினால் இரண்டடி பின்னால் போய்த் தோண்ட அதற்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை. கையில் காசில்லாதவர்களுக்கு கிளுவைக் கொம்பை நட்டு வளர்க்கும் உயிர்வேலி நல்லது, ஆனால் அடியில் சந்து விழும். இலந்தை முள்ளை அடைத்து, கரையான் அரிக்க அரிக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடும் வேலையை யாரும் நினைக்கவே கூடாது. அதில் மனிதர்களே செத்திருக்கிறார்கள்.

நாமும் ஒரு நாய் வளர்க்கலாம் என்பார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தப் பழகிய வேட்டை இனங்கள். குட்டியிலிருந்து கோழிகளோடு வளர்த்தாலும் முழுசாக நம்ப முடியாது.

பக்கத்துத் தோட்டத்தாரிடம் பேசுவதில் நான் முதலில் தப்புப் பண்ணினேன். செத்த கோழியைக் கையில் தூக்கிக்கொண்டு கோபமாகப் போய் நின்றேன். “எங்க நாயி கோழிப் பக்கமே போகாதுங்கக்கா” என்று முடித்துவிட்டார். ஒரு மாதம் முகம் பார்க்கவில்லை. இரண்டாம் முறை நாய்கள் வந்ததைப் போனில் எடுத்த வீடியோவோடு, சாயங்காலம், அவர் சாவகாசமாக இருந்தபோது போனேன். “கோழிக்குப் பணம் வேண்டாம் தம்பி. விடியறதுக்கு முந்தியே நாயைக் கட்டிடுங்க, வலைச் செலவுல பாதி குடுங்க, போதும்” என்றேன். ஒத்துக்கொண்டார். கோழிக்கு விலை கேட்டால் பேரம்தான் நடக்கும். வலைக்குப் பங்கு கொடுத்தவர் நாயைக் கட்டுவதையும் மறப்பதில்லை.

புகார் கொடுப்பது கடைசி வழி. நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், வளர்ப்புப் பிராணியைக் கவனிக்காமல் விடுவது பற்றிய 291-ஆம் பிரிவு மனித உயிருக்கும் கொடுங்காயத்துக்கும் உள்ள ஆபத்தைத்தான் பேசுகிறது, கோழியைப் பற்றியதல்ல. நஷ்டஈடு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், ஐந்து கோழிக்காக யார் அலைவது? பேசியும் கேட்காதவராக இருந்தால் தேதி, போட்டோ எல்லாம் சேர்த்து வைத்து ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள்.

“ஒரு துண்டுக் கறியில மருந்து வை, முடிஞ்சுது” என்று எனக்கும் யோசனை சொன்னார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கறியைக் காக்கையும் கீரியும் தின்னும், விளையாடும் குழந்தை கையில் எடுக்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் இதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அவிழ்த்து விட்டது மனிதர், சாவது நாயா?

என் கணக்கில் இரவுக் கூண்டும், அடி மடித்த வலையும், பக்கத்துத் தோட்டத்தாரோடு பேச்சும் மூன்றும் சேர்ந்துதான் நிற்கும். ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் ஆடும். நேற்றுக் காலை வலையோரம் போனபோது கல்வரிசைக்கு வெளியே புதுசாக மண் பிறாண்டிய தடம் இருந்தது. எந்தக் கயிறோ அவிழ்ந்திருக்கிறது. கூண்டைத் திறந்து எண்ணினேன், எல்லாம் இருந்தன. அப்புறம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பிக்கு போன் போட்டேன்.