கீழவெளி வீதி பிரேம் கடையும் எங்கள் வீட்டு அருளானந்தர் படமும்

மதுரைக் கீழவெளி வீதியில், தூய மரியன்னை பேராலயத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சந்துக்குள் இருக்கும் பிரேம் கடையில், எங்கள் வீட்டு அருளானந்தர் (ஓரியூரில் கொல்லப்பட்ட புனிதர் ஜான் தெ பிரிட்டோ) படத்தைச் சீர்செய்து வாங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. முன்பக்கம் திருமணப் படங்களுக்குச் சட்டம் போடுகிறார்கள், சுரூபங்கள் விற்கிறார்கள். பின்னறையில் ஒரு பெரியவர் பழைய காகிதப் படங்களைச் சீர்செய்கிறார். என்னைப் போலவே பாட்டன் காலத்து வேதசாட்சி (விசுவாசத்துக்காக உயிர் துறந்தவர்) படங்களை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு என்பதால், இக்கடையின் வேலையைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

படம் என் தாத்தாவின் அம்மா சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது கொண்டுவந்தது. ஏறத்தாழ ஒன்றேமுக்கால் அடி உயரமுள்ள, ஐரோப்பாவில் அச்சான வண்ணக் கல்லச்சுப் படம். கறுப்பு அங்கி அணிந்த குரு ஒருவர் கைகூப்பி முழந்தாளிட்டிருக்கிறார். பின்னால் ஒருவன் வளைந்த வாளை ஓங்கி நிற்கிறான். மேலே ஒரு சம்மனசு (வானதூதர்) ஒரு கையில் முடியும் மறு கையில் குருத்தோலையும் ஏந்தி இறங்குகிறது. துருக்கியரைப் போலத் தலைப்பாகை கட்டிய இருவர் வேடிக்கை பார்க்கிறார்கள். தொலைவில் கடலும் பாய்மரக் கப்பலும் தெரிகின்றன. கீழ்ப்பகுதியை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. ஓரங்களில் யாரோ ஒட்டிய செல்லோடேப் பழுப்பேறியிருந்தது. அடுப்புப் புகை ஏறி வானம் முழுவதும் காவி நிறமாகியிருந்தது.

இந்தப் படத்துக்கும் ஓரியூரில் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைச் சொல்லாமல் கடையின் வேலையை மதிப்பிட முடியாது. லிஸ்பனில் 1647-ல் பிறந்து 1673-ல் இந்தியாவுக்கு வந்த ஜான் தெ பிரிட்டோ, மதுரை மறைப்பணித்தளத்தில் கறுப்பு அங்கியோடு நடமாடவில்லை. காவி உடுத்து, புலால் ஒதுக்கி, பண்டாரசாமி என்னும் துறவியாக, அருளானந்தர் என்ற பெயரில் வாழ்ந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று அவர் தலை வெட்டப்பட்ட இடம் பாம்பாற்றங்கரை. அங்கே கடலும் இல்லை, கப்பலும் இல்லை. மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கி வைத்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரம் அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அரண்மனைக்குள் எழுந்த அந்தச் சினத்திலிருந்தே மரணத் தீர்ப்பு பிறந்தது. தீர்ப்பைச் சொன்னவர் அரசர், வாளை ஓங்கியவர் ஏவலாள். ஆனால் படத்தில் அரசரும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை, தடியத்தேவரும் இல்லை. ஒரு வெள்ளை முகத்துக்கு எதிரே பெயரில்லாத ஒரு கறுத்த மூர்க்கம் மட்டுமே இருக்கிறது. குடியேற்றக் காலத்து வேதசாட்சிப் படங்களில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். சாகிறவருக்கு ஊர், பெயர், சபை எல்லாம் உண்டு. கொல்கிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே ஆள்.

இந்த முறை அந்த ஓவியர் ஒருவரின் கண்டுபிடிப்பன்று. ரோமிலுள்ள சாந்தோ ஸ்தேபனோ ரொத்தோந்தோ ஆலயச் சுவர்களில் 1580-களில் தீட்டப்பட்ட ஓவியங்களில் ஒவ்வொரு வதைக்கும் எழுத்துக் குறியிட்டு, கீழே விளக்கம் எழுதியிருப்பார்கள். அருளானந்தர் சேர்ந்திருந்த சேசு சபையின் பொறுப்பிலிருந்த கல்லூரி மாணவர்கள் பார்ப்பதற்கென்றே அவை வரையப்பட்டன. கனடாவில் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு இடங்களில் கொல்லப்பட்ட குருக்களை 1664-ல் அச்சான ஒரு செப்புத்தகட்டுப் படம் ஒரே வெளியில், ஒரே நாளில் சாவதுபோல் காட்டுகிறது. எங்கள் படத்துக் கப்பலையும் அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். கடல் கடந்து வந்தவர் என்ற செய்தி அது, ஓரியூரின் நிலக்காட்சி அன்று. ஒன்றை மட்டும் நன்றியோடு சொல்வேன். வீடுகளுக்கென்று அச்சான எங்கள் படம், வெட்டு விழுவதற்கு முந்தைய நொடியோடு நின்றுவிடுகிறது. தலையை வெட்டியபின் கைகால்களையும் துண்டித்து உடலைக் கழுமரத்தில் கட்டிய கொடுமை அதில் இல்லை. அதனால்தான் அதன் கீழே அமர்ந்து நான்கு தலைமுறைக் குழந்தைகள் செபமாலை சொல்ல முடிந்தது.

பெரியவர் படத்தை வாங்கியவுடன் வேலையைத் தொடங்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்து வானத்தைப் பார்க்கச் சொன்னார். இன்றைய ஆப்செட் படமாக இருந்தால் நான்கு நிறப் புள்ளிகள் வரிசை மாறாமல் தெரியும். இதில் பொடிப்பொடியாக, ஒழுங்கில்லாத புள்ளிகள், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து அச்சடித்ததால் ஓரங்களில் ஒரு நிறம் மயிரிழை அளவு விலகியும் இருந்தது. நான் அவருக்குக் கீழேயுள்ள லத்தீன் வரியைக் காட்டினேன். பெயருக்கு முன் 'பெயாத்துஸ்' (முத்திப்பேறு பெற்றவர்) என்ற சொல்லின் முதலெழுத்து இருக்கிறது. திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அருளானந்தருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் அளித்தது 1853-ல். பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதராக உயர்த்தியது 1947-ல். ஆகவே படம் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் அச்சானது. தலையைச் சுற்றி ஒளிவட்டம் இல்லாமல் மெல்லிய கதிர்கள் மட்டும் இருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. திருச்சபை ஏற்பதற்கு முன் எவரையும் ஒளிவட்டத்தோடு வரையக் கூடாதென்று திருத்தந்தை எட்டாம் உர்பான் 1625-ல் கட்டளையிட்ட பிறகு, முத்திப்பேறு பெற்றவருக்குக் கதிர்களும் புனிதருக்கு முழு ஒளிவட்டமும் வரைவது வழக்கமாயிற்று. பெரியவர் இதைக் கவனமாகக் கேட்டு, படத்தின் உறை மீது பென்சிலால் குறித்துக்கொண்டார்.

செய்த வேலை அருமையானது. மென்மையான தூரிகையால் கரியை நீக்கினார்; செல்லோடேப்பைப் பிய்க்காமல் பல நாள் பொறுமையாக இளக்கி எடுத்தார்; பூச்சி அரித்த இடங்களைப் பின்புறமிருந்து மெல்லிய தாளும் மாவுப் பசையும் கொண்டு அடைத்து, அடைத்த தாளுக்கு மட்டும் பக்கத்து நிறத்தை ஏற்றினார். அச்சின் மேல் ஒரு துளி வண்ணமும் படவில்லை. வாள் ஏந்தியவனின் இரு கண்களும் ஊசியால் கீறப்பட்டிருந்ததை நாங்கள் பூச்சி அரிப்பு என்றே இத்தனை காலம் நினைத்திருந்தோம். பெரியவர் கண்ணாடியில் காட்டிய பிறகுதான், அவை ஒரே திசையில் அழுத்திக் கிழித்த கோடுகள் என்று தெரிந்தது. எங்கள் முன்னோரில் யாரோ, அருளானந்தருக்காக அழுத யாரோ ஒருவர், கொலையாளியின் பார்வையைப் பறித்திருக்கிறார். "இது சேதமில்லை தம்பி, உங்க வீட்டாளு எழுதுன எழுத்து. நான் தொட மாட்டேன்" என்றார். இந்த ஒரு முடிவுக்காகவே அவரிடம் மறுபடியும் போவேன்.

என் தங்கை வீட்டுக்காக அதே படத்தின் நகல் ஒன்றும் கேட்டிருந்தேன். அதைச் செய்தவர் முன்பக்கத்தில் கணினியில் வேலை பார்க்கும் இளைஞர். முதலில் அவர் காட்டியதில் குருவின் கறுப்பு அங்கி காவியாகியிருந்தது, தலைக்குப் பின்னால் தங்க ஒளிவட்டம் வந்திருந்தது, கீறிய கண்கள் இரண்டும் திறந்து என்னைப் பார்த்தன. உண்மையான அருளானந்தர் காவிதானே உடுத்தினார் என்ற அவருடைய வாதம் தவறில்லை. அந்த உண்மையை நம் காலத்து ஓவியர் ஒருவர் புதிதாக வரையட்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஐரோப்பிய அச்சகம் தனக்குத் தெரிந்த குருவை வரைந்தது என்பது வேறோர் உண்மை. அதை அழித்துவிட்டால் நகல் இரண்டுக்குமே சாட்சியாக இருக்காது. பெரியவர் தலையிட்டபின் இரண்டாம் முறை உள்ளது உள்ளபடியே அச்சிட்டுத் தந்தார்கள், கூடுதல் பணம் கேட்கவில்லை. சிவப்பு மட்டும் இன்னும் தேவைக்கு மேல் துலக்கமாக இருக்கிறது. மூலத்தின் மங்கிய செங்கல் நிறம் அவர்கள் இயந்திரத்தில் வரவில்லை.

வேறு இரண்டு குறைகளும் உண்டு. இரண்டு வாரம் என்று சொன்ன வேலைக்கு ஐந்து வாரம் ஆயிற்று. முதலில் கண்ணாடியைப் படத்தின் மேல் ஒட்டவே வைத்துவிட்டார்கள். மதுரை வெயிலுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் காகிதம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்ன பிறகே நடுவில் மெல்லிய மரச்சிம்பு கொடுத்து மாற்றினார்கள். சீர்செய்வதற்கு 3,200 ரூபாய், தேக்குச் சட்டத்துக்கு 1,900, நகலுக்கு 750. சீர்செய்த வேலைக்கு இது குறைவு என்றே சொல்வேன். முன்பக்கத்தில் விற்கும் ரெசின் சுரூபங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2022-ல் புனிதரான தேவசகாயத்தின் சுரூபம் சங்கிலியோடு சரியாகவே இருக்கிறது, ஆனால் அருளானந்தர், சவேரியார் இருவருக்கும் ஒரே அச்சு முகம்.

பழைய சட்டத்தைப் பிரித்தபோது பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவே ஒரு காகித மடிப்பு கிடைத்தது. உள்ளே ஒரு பிடி செம்மண். ஓரியூர் மண் அவர் இரத்தத்தால் சிவந்தது என்று நம் மக்கள் நம்பி எடுத்துவருவது வழக்கம். அதைப் படத்துக்குப் பின்னால் வைத்தவர் கண்களைக் கீறியவராகவே இருக்கலாம். மண்துகள் உராய்ந்துதான் படத்தின் நடுப்பகுதி மெலிந்திருக்கிறது என்று பெரியவர் விளக்கினார். ஆனாலும் அதைக் கொட்டவில்லை. ஒரு மணி குறையாமல் உறையிலிட்டு எனக்காக எடுத்து வைத்திருந்தார். நான் கேட்டுக்கொண்டபடி சிறு துணிப்பையில் தைத்து, புதிய சட்டத்தின் பின்னால், காகிதத்தைத் தொடாமல் தொங்கவிட்டுத் தந்தார். பெரியவர் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரைதான் இருப்பார். பழைய படம் கொண்டுபோகிறவர்கள் வீட்டில் சட்டத்தைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுங்கள்.