கடைக்கு நெட்வொர்க் போட்டுக்கொடுத்தவர்கள்: ரெண்டு வருஷம் கழித்து

எங்கள் கடை தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறது. மளிகை, மசாலா, பூஜைச் சாமான், மாமனாரின் அப்பா ஆரம்பித்தது. நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள், கணக்கும் கம்ப்யூட்டரும் என் தலையில். கடைக்கு நெட், பில்லிங், கேமரா, பேட்டரி எல்லாம் சேர்த்துப் போட யாரைப் பிடிக்கலாம் என்று இங்குள்ள நம்ம ஆட்கள் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். குறையும் சொல்லப்போவதால் கம்பெனி பேரைப் போடவில்லை. நாலு பேர் நடத்தும் சின்னக் கம்பெனி, அவ்வளவு போதும்.

முதலில் பழைய கதை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் இசிப்பிங்கோ குடோனுக்குள் இடுப்பளவு தண்ணீர். சர்வர் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் தரையில் இருந்தது. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்? அதன் தலைமேலேயே. ரெண்டும் சேர்ந்தே போயின. எட்டு வருஷக் கணக்கு, யார் யார் எவ்வளவு பாக்கி என்பது உட்பட. (பாக்கி வைத்திருந்த சிலர் அந்த வருஷம் ரொம்ப சந்தோஷமாக இருந்தார்கள்.)

அதற்கப்புறம் ஒரு வருஷம் ஒரே லேப்டாப்பில் ஓட்டிவிட்டு, 2023இல்தான் இவர்களைக் கூப்பிட்டோம். அதற்கு முன் வேறொரு கம்பெனி கடையை எட்டிக்கூடப் பார்க்காமல் பெரிய சர்வர், 8 கேவிஏ இன்வெர்ட்டர் என்று கொட்டேஷன் அனுப்பியிருந்தது. இவர்களிடமிருந்து வந்த பையன் லேப்டாப்பையே திறக்கவில்லை. "ஆன்ட்டி, கரண்ட் போச்சுன்னா எது நின்னா உங்களுக்கு வியாபாரம் போகும்?" என்று கேட்டான். (எனக்கு 41 வயசு, இங்கே எல்லாருமே ஆன்ட்டிதான், விடுங்கள்.) அப்புறம் ஒரு சின்ன மீட்டரை ஒவ்வொரு பிளக்காகச் செருகி அளந்தான். ரெண்டு பில்லிங் கம்ப்யூட்டர், ரௌட்டர், ஸ்விட்ச், ஃபைபர் லைன் வந்து சேரும் டப்பா, கேமராக்கள் எல்லாம் சேர்த்து 300 வாட்கூட வரவில்லை. 5 கேவிஏ இன்வெர்ட்டரும் 5 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரியும் போட்டால் அதை வைத்துப் பதினைந்து மணிநேரம் ஓட்டலாம், ஃப்ரீசரையும் லேசர் பிரிண்டரையும் மட்டும் அதில் மாட்டாதீர்கள் என்றான். லேசர் பிரிண்டர் சூடாகும்போது ஒரே இழுப்பாகக் கரண்டை இழுக்குமாம், நான் அதுவரை யோசித்ததே இல்லை. முந்தைய கொட்டேஷனில் பாதிக்கும் கொஞ்சம் மேல்தான் ஆனது.

குடோனில் எல்லாவற்றையும் சுவரில், என் தலைக்கு மேல் ரேக் அடித்து வைத்தார்கள். கேமராவுக்கும் கார்டு மெஷினுக்கும் வாடிக்கையாளர் வைஃபைக்கும் தனித்தனி நெட்வொர்க். பேக்கப் தினமும் ராத்திரி கிளவுடுக்குப் போகிறது, ஜோஹன்னஸ்பர்க்கில் உள்ள டேட்டா சென்டர்தான். மைக்ரோசாஃப்ட் அங்கே 2019இலும் அமேசான் கேப் டவுனில் 2020இலும் திறந்துவிட்டன, அதனால் எதற்கெடுத்தாலும் ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டியதில்லை. வாடிக்கையாளர் போன் நம்பரெல்லாம் போப்பியா என்கிற இங்குள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவதால் இது ஒரு நிம்மதியும்கூட.

பில்லிங் கடைக்குள்ளேயே ஓட வேண்டும், நெட் வரும்போது கிளவுடுக்கு ஏறிக்கொள்ளட்டும் என்று பிடிவாதமாகச் சொன்னதும் அந்தப் பையன்தான். 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் பக்கம் கடலடி கேபிள்கள் அறுந்து நெட் ஊர்ந்தபோது எங்கள் பில்லிங் அதுபாட்டுக்கு ஓடியது.

சரி, குறைக்கு வருகிறேன். புரட்டாசி வந்தாலே எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. விரதம் இருப்பவர்கள் எல்லாம் பருப்பு, காய், கற்பூரம் என்று அள்ளிக்கொண்டு போவார்கள். 2023இல் முதல் சனிக்கு முந்தின வெள்ளி சாயங்காலம் கார்டு மெஷின் அப்படியே நின்றுவிட்டது. ஃபைபர் டப்பாவில் பச்சை விளக்கு அழகாக எரிகிறது, ஆனால் நெட் இல்லை. எல்.டி.இ. சிம் (மொபைல் டவர் நெட்) போட்ட மாற்று லைன் தானாக எடுத்துக்கொள்ளும் என்று காசு வாங்கியிருந்தார்களே, அது அசையவே இல்லை. வரிசை வாசல் தாண்டிப் போய்விட்டது, மாமனார் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். காரணம் திங்கட்கிழமைதான் தெரிந்தது. லைன் அறுந்தால் மட்டும் மாறும்படி ரௌட்டரை வைத்திருக்கிறார்கள். லைன் உயிரோடு இருந்து வெளியே நெட் மட்டும் செத்தால் அதற்குத் தெரியாது. வெளியே இருக்கிற ஒரு முகவரியைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் மாறச் சொல்ல வேண்டும். ரெண்டு நிமிஷ வேலை. முதல் நாளே செய்திருக்கலாம். உங்கள் கடையில் போட்டதும் லைனைப் பிடுங்கி மட்டும் சோதிக்காதீர்கள், அது எல்லாருக்கும் பாஸ் ஆகும்.

அந்த சிம்மை ரொம்ப நம்பவும் வேண்டாம். 2025 பிப்ரவரியில் லோட்ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) திடீரென்று ஸ்டேஜ் 6 என்கிற கடுமையான கட்டத்துக்குப் போனபோது ஃபைபர் ஓடியது, சிம்தான் முதலில் படுத்தது. டவர் பேட்டரிக்கு ஒரு தடவை கரண்ட் போய் அடுத்த தடவை போவதற்குள் முழுசாகச் சார்ஜ் ஏற நேரம் கிடைப்பதில்லை. தெருவில் வரும் ஃபைபருக்கோ பெரும்பாலும் நடுவழியில் கரண்டே தேவையில்லை, நம் டப்பாவுக்கும் அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்சுக்கும் இருந்தால் போதும்.

இன்னொரு எரிச்சல், பாஸ்வேர்ட். ரௌட்டர், கிளவுட், எங்கள் வெப்சைட் பேர் எல்லாமே அவர்கள் ஈமெயிலில் பதிந்திருந்தது. என் பேருக்கு மாற்ற மூன்று வாரம் நச்சரித்தேன். எந்த வயர் எங்கே போகிறது என்று வரைபடம் கேட்டால் பில்லின் பின்பக்கத்தில் கிறுக்கிக் கொடுத்தான் பையன். வயரில் ஒட்டிய லேபிள்களோ டர்பன் புழுக்கத்தில் ஒரே கோடையில் உரிந்து விழுந்தன, இப்போது நானே துணி டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். போன் பண்ணினால் எடுக்கிறார்கள், தப்பை மழுப்பாமல் ஒத்துக்கொள்கிறார்கள், அந்த வெள்ளிக்கிழமைக்காக ஒரு மாச மெயின்டனன்ஸ் காசைக் கழித்தும் கொடுத்தார்கள். ஆடியில் கூழ் ஊற்றுகிற கூட்டம் தொடங்கும் முன் ரெண்டாவது கடைக்கும் அவர்களே வருகிறார்கள். இந்தத் தடவை வரைபடமும் பாஸ்வேர்டும் என் கையில் வந்த பிறகுதான் கடைசித் தவணை என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிட்டேன்.