பெட்டியில் 144, திரையில் 120: பழைய ஜிடிஎக்ஸ் 1080 கார்டோடு ஒரு 4கே மானிட்டர்

ஆபீசில் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, 4கே 144 ஹெர்ட்ஸ் மானிட்டரெல்லாம் விலை நல்லா இறங்கிடுச்சு. என்கிட்டயும் உங்களை மாதிரி 1080 கார்டுதான். வாங்கலாமா?" என்விடியாவின் அதே ஜிடிஎக்ஸ் 1080 கிராபிக்ஸ் கார்டில் அப்படிப்பட்ட 27 அங்குல மானிட்டரை ரொம்ப நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் சட்டென்று ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் 144 விஷயம், அதாவது திரை விநாடிக்கு 144 தடவை புதுப்பிக்கப்படுவது. விண்டோஸில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தால் வரத்தான் செய்யும். மவுஸ் வழுக்கிக்கொண்டு போகும், படம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் எழுத்தைப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். 'ட', 'ப' ஆகியவற்றின் நெட்டுக்கோடுகளும் துணைக்காலும் பக்கவாட்டில் கசிந்து, ஓரத்தில் மங்கலான நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். படுக்கைக்கோடு மட்டும் சுத்தமாக இருக்கும். என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது: நிற வடிவம், ஒவ்வொரு புள்ளிக்கும் முழு நிறம் தரும் ஆர்ஜிபியிலிருந்து ஒய்சிபிசிஆர் 422-க்கு மாறியிருக்கும். இந்த முறையில் வெளிச்சத்தின் அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகப் போகிறது, நிறத்தை மட்டும் பக்கத்துப் பக்கத்து இரண்டு புள்ளிகள் பகிர்ந்துகொள்கின்றன. நெட்டுக்கோடு அடிபடுவது அதனால்தான். வீடியோவில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நாள் முழுக்க எழுத்தைப் பார்க்கிறவனுக்கு இது கண்ணில் விழுந்த தூசி.

ஏன் இப்படி என்றால் கம்பியில் இடம் இல்லை, அவ்வளவுதான். 4கே திரைக்கு விநாடிக்கு 144 தடவை, 8 பிட் நிறத்தில் முழுத் தகவலையும் அனுப்ப, புள்ளிகளுக்கு மட்டுமே சுமார் 28.7 கிகாபிட் வேண்டும். கார்டையும் மானிட்டரையும் இணைக்கும் டிஸ்ப்ளேபோர்ட் (டிபி) 1.4 உண்மையில் கொண்டுபோகக்கூடியது 25.92. இன்றைய மானிட்டர்கள் டிஎஸ்சி என்ற சுருக்கும் முறையை வைத்து இந்த இடைவெளியைச் சமாளிக்கின்றன. ஆனால் கார்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். 2016-இல் வந்த 1080-க்குத் தெரியாது. என்விடியாவில் 2018-இல் வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் அது உண்டு. டிரைவர் அப்டேட் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். விளையாட்டில் 1080-க்குப் பக்கத்தில்கூட வர முடியாத ஜிடிஎக்ஸ் 1650, டூரிங் என்பதால், இதே மானிட்டரில் 144-ஐ முழு நிறத்தோடு காட்டிவிடும். சரி, கார்டு பழசு, அதைத் திட்டி என்ன செய்வது? டிஎஸ்சி உள்ள டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தரமே 2016 மார்ச்சில்தான் வெளியானது, 1080 மே மாதம் வந்தது. ஆனால் மானிட்டர் பெட்டிக்கு என்ன வந்தது? முன்பக்கம் 144 என்று அத்தனை பெரிதாக அச்சடித்தவர்கள், கார்டில் டிஎஸ்சி இருந்தால்தான் முழு நிறம் என்று ஒரு வரி போட்டிருக்கலாம். பெட்டியின் நான்கு பக்கமும் தேடினேன், இல்லை. கடையில் கேட்டதற்கு "டிபி கேபிள் போட்டா வந்துடும் சார்" என்றார்கள். கேபிள் பெட்டியிலேயே இருந்தது. வரவில்லை.

அதனால் 120 ஹெர்ட்ஸ், ஆர்ஜிபி, 8 பிட் என்று வைத்துவிட்டேன். இதற்கு 23.9 கிகாபிட் போதும், அடங்கிவிடுகிறது. நியாயமாகச் சொன்னால் இதில் பெரிய இழப்பு இல்லை. 60-இலிருந்து 120-க்குப் போகும்போது ஒவ்வொரு படத்துக்கும் 8 மில்லிவிநாடிக்கு மேல் குறைகிறது. 120-இலிருந்து 144-க்குப் போனால் குறைவது 1.4 மில்லிவிநாடிதான். அந்த வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று இருக்கிறது: தமிழ் எழுத்து. 27 அங்குலத்தில் 4கே என்றால் அங்குலத்துக்கு 163 புள்ளி. 150 சதவீத அளவில் வைத்துப் படிக்கும்போது 'ணை', 'ஞ', 'ஐ' எல்லாவற்றின் சுழிகளும் தனித்தனியாகத் திறந்து தெரிகின்றன. பழைய 1080பி (1920×1080 புள்ளி) திரையில் 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொண்டிருக்கும், மெய்யின் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும். இப்போது நீண்ட கட்டுரையை 120-இல் மெல்ல உருட்டினால், நகரும்போதே படிக்க முடிகிறது. இதற்காகவே மானிட்டரைக் கொடுக்க மனம் வரவில்லை.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனமான விளையாட்டுகளை 4கேயில் ஓட்ட இந்தக் கார்டால் முடியாது. 2019 ஜனவரி டிரைவரிலிருந்து 10 வரிசைக் கார்டுகளுக்கும் ஃப்ரீசிங்க் மானிட்டரில், கார்டு வரையும் வேகத்துக்கு ஏற்ப மாறும் புதுப்பிப்பு வேகம் கிடைக்கிறது. அது இல்லையென்றால் திரை கிழிவதைச் சகிக்க முடியாது. படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் இதிலும் ஓடுவது பெரிய உதவி, அதே வேலையைச் செய்யும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் கிடையாது. 1080பிக்கு இறக்கினால் ஒரு புள்ளி சரியாக நான்காகத்தானே விரிய வேண்டும்? அந்த முழு எண் விரிவும் டூரிங்குக்கு மேல்தான், ஆகவே இங்கே கொஞ்சம் மங்கல். 'டூம்: த டார்க் ஏஜஸ்' போல, ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் கட்டாயமான புதுசுகள் ஓடவே ஓடாது.

ஆக, தம்பிக்கு என் பதில்: வாங்காதே. எழுத்து அழகுதான், 120 போதும்தான், இருந்தாலும் உன் காசில் பாதி இந்தக் கார்டோடு வீண். 10 வரிசைக்கு வழக்கமான கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். 27 அங்குலம், 1440பி (2560×1440 புள்ளி), 165 ஹெர்ட்ஸ் வாங்கு. டிஎஸ்சி இல்லாமலே 10 பிட் நிறத்தோடு டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் அடங்கும், கார்டு வரைய வேண்டிய புள்ளிகளும் பாதிக்குக் கீழே. இல்லை, 4கேதான் வேண்டும் என்றால், வாங்கிய அன்றைக்கே 120, ஆர்ஜிபி, 8 பிட் என்று வைத்துவிடு. வெளிச்சம், இருட்டு வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்டிஆருக்கு 10 பிட் வேண்டுமானால் 98 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். எச்டிஎம்ஐ பக்கம் போகாதே, இந்தக் கார்டில் அது 2.0 தான்: முழு நிறத்தில் 4கேவுக்கு 60 ஹெர்ட்ஸ், மாறும் வேகமும் கிடைக்காது.