புயல் கரைக்கு எது: புதைவடமா, மேல்நிலைக் கம்பியா?

2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அதன்பின் கடலோர ஊர்களில், மின்சாரத்தை மண்ணுக்குள் புதைத்த கேபிளில் (புதைவடம்) கொண்டுபோவதா, கம்பத்தில் ஓடும் கம்பியிலா என்ற கேள்வி ஓயவில்லை.

செலவு: மேல்நிலைக் கம்பி மலிவு. புதைவடத்துக்குப் பல மடங்கு ஆகும்.

காற்று: தென்னை விழுந்தால் கம்பி அறும், கம்பமும் சாயும். புதைவடத்துக்கு அந்தப் பயமில்லை.

வெள்ளம்: இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கேபிள் பெரும்பாலும் மண்ணுக்குள் பத்திரமாகவே இருக்கும். ஆனால் கேபிளிலிருந்து வீடுகளுக்கு மின்சாரம் பிரியும் தெருமுனைப் பெட்டி (பில்லர் பாக்ஸ்) மூழ்கினால் உயிராபத்து, மின்சாரத்தை நிறுத்தியே ஆகவேண்டும். 2023 மிக்ஜாம் புயலின்போது சென்னை இதை அனுபவித்தது. பெட்டியை வெள்ளமட்டத்துக்கு மேலே உயர்த்தாமல் கேபிளை மட்டும் புதைப்பது அரைகுறை வேலை.

பழுது: அறுந்த கம்பி கண்ணுக்குத் தெரியும். புதைவடத்தில் பழுதைக் கருவி வைத்துத் தேடி, சாலையைத் தோண்டி, ஜாயின்ட் போடவேண்டும்.

அளவுகோல்: ஒரு நுகர்வோருக்கு ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மின்தடை (சைஃபி), மொத்தம் எவ்வளவு நேரம் (சைடி). புதைவடம் முதலாவதைக் குறைக்கும். இரண்டாவது குறைய, மறுபக்கத்திலிருந்தும் மின்சாரம் வர வழி வேண்டும்.

நெருக்கமான நகரம், மருத்துவமனை, குடிநீர் நிலையம் என்றால் இருபக்க இணைப்புள்ள புதைவடம். வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும் கிராமத்துக்கு வலுவான கம்பம், உறையிட்ட கம்பி, மழைக்கு முன்பே கிளை வெட்டு.