மழை இல்லாத இரவில் ஒழுகிய மச்சு

மூன்று வார விடுப்பில் நான்கு நாட்களை ஒரு மனிதருக்காக வாசல் திண்ணையில் உட்கார்ந்தே தொலைத்தேன். மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் பழைய வீட்டில் அத்தை தனியாக இருக்கிறார். அடுப்படிக்கு மேலே, கூரைக்கடியில் பலகை போட்ட மச்சு ஒழுகுகிறது என்று ஐப்பசியிலிருந்து தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். நீர்க்கசிவைத் தடுக்கும் வேலை செய்யும் ஒரு நிறுவனத்துக்கு டொராண்டோவிலிருந்தே பேசி நாள் குறித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

“நாளை காலை பத்து மணிக்கு வந்துவிடுகிறோம் சார்.” இதை மூன்று முறை கேட்டேன். நான்காம் நாள் மாலை ஒருவர் வந்தார். முற்றத்தில் நின்று கைப்பேசியில் இரண்டு படம் எடுத்தார். கூரை முழுக்க ரசாயனப் பூச்சு, 1,85,000 ரூபாய் என்றார். மச்சுக்கு ஏணி அங்கேயே சாத்தியிருந்தது. ஏறிப் பார்க்கவில்லையா என்று கேட்டதற்கு, “தேவையில்லை சார், பழைய வீடு எல்லாவற்றிலும் இதே பிரச்சினைதான்” என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. டொராண்டோவில் வீட்டைச் சோதிக்க வருகிறவர் முதலில் கூரைக்கும் உள்தளத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குள்தான் தவழ்ந்து போவார். கையில் ஈரமானி இருக்கும். பார்த்ததை எழுதிக் கொடுத்த பிறகுதான் விலை பேசுவார். அங்கே கூலி மிக அதிகம், மறுக்கவில்லை. ஆனால் பார்க்காமல் யாரும் மருந்து எழுதுவதில்லை.

மறுநாள் நானே மச்சில் ஏறினேன். சின்ன வயதில் புளிப் பானைகளுக்கு நடுவே ஒளிந்து விளையாடிய இடம். பலகையெல்லாம் கருத்து, பூஞ்சை வாடை மூக்கில் ஏறியது. கொண்டுபோயிருந்த ஈரமானியைக் குத்திப் பார்த்தால் 26 விழுக்காடு. மரத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் நீடித்தால் உளுத்துப்போகலாம். தாத்தா பார்த்துப் பார்த்துப் போட்ட தேக்குப் பலகை. வயிற்றைப் பிசைந்தது. கறை இருந்த இடங்களைக் கரித்துண்டால் வட்டமிட்டுத் தேதி எழுதிவிட்டு இறங்கினேன்.

மார்கழி மூன்றாம் வாரம். நான் வந்ததிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் அத்தை வைத்த பித்தளைத் தவலையில் விடியற்காலை நாலரை மணிக்கு டங், டங் என்று சத்தம் கேட்டது. வெயில் ஏறினால் நின்றுவிடும். இரவோடு இரவாக எங்கிருந்து வருகிறது தண்ணீர்?

அந்தக் காலத்தில் சித்திரை, வைகாசியில் ஓடு பிரித்து மேய வருவாரே, அவரைத் தேடிப் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டார். சொன்னபடி விடியற்காலை ஐந்தரைக்கு வாசலில் நின்றார். “வெயில் வந்தால் ஒன்றும் தெரியாது தம்பி. ஏணியைப் பிடியுங்கள்” என்று வெறுங்காலோடு ஏறினார்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது அடுப்படியின் நாட்டு ஓடுகள் பறந்துவிட்டன. நாட்டு ஓடு செய்கிற ஆளே கிடைக்காமல் தகரம் போட்டார்கள். பெரியவர் அந்தத் தகரத்தின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி என்னிடம் நீட்டினார். கை முழுக்க ஈரம்.

“இது ஒழுக்கு இல்லை தம்பி. தகரம் வேர்த்திருக்கிறது.”

பிறகு அவர் கேட்ட கேள்வியைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். “அம்மா, வெந்நீர் எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்?” மார்கழி முழுக்க அத்தை மூன்றரைக்கு எழுந்து, குளிக்க அண்டா நிறைய வெந்நீர் வைக்கிறார். விறகடுப்பு இருந்த காலத்தில் புகைக்கூண்டு வழியாக ஆவி வெளியே போய்விடும். கேஸ் வந்த பிறகு புகைக்கூண்டு எதற்கு என்று, தகரம் போட்டவர்கள் அதன் வாயையும் மூடிவிட்டார்கள். நாட்டு ஓடு இடுக்குகளில் காற்று போய்வரும். தகரத்தில் அதுவும் இல்லை. வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தகரம் பனி இரவில் காற்றைவிடக் கூடுதலாகக் குளிரும். 24 டிகிரி வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று ஏறத்தாழ 22 டிகிரிக்கு இறங்கினாலே நீராகிவிடும். நமது டெல்டா காற்றுக்கு அதுவே போதும், அண்டா வெந்நீர் வேறு.

இதே சங்கதி டொராண்டோவில் என் தலைக்கு மேலேயே நடந்தது. குளியலறைக் காற்றுக்குழாய் கழன்று, ஜனவரியில் கூரை ஆணிகளில் எல்லாம் உறைபனி பூத்து, குளிர் தணிந்த நாளில் சொட்டியது. அதை அனுபவித்தும் இங்கே எனக்குப் பொறி தட்டவில்லை. ஈரம் வெளியிலிருந்துதான் வரும் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அந்த 1,85,000 ரூபாய்ப் பூச்சைப் பூசியிருந்தால் மிச்சமிருந்த இடுக்கும் அடைபட்டு, பலகை இன்னும் சீக்கிரம் மக்கியிருக்கும்.

உண்மையான ஒழுக்கும் ஒன்று இருந்தது, கூடத்துக் கூரையின் இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில். நான் உள்ளே நிற்க, அவர் கூரையின் கீழ் விளிம்பான இறவாரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு செம்புத் தண்ணீராக மேலே மேலே ஊற்றிக்கொண்டு போனார். மேலிருந்து ஊற்றினால் எந்த இடம் என்று தெரியாதாம். கைமரத்தோடு ஓடி வந்த தண்ணீர், நுழைந்த இடத்துக்கு நாலடி தள்ளிச் சொட்டியது. துருப்பிடித்த தகட்டை மாற்றினார், முடிந்தது.

அடுப்படிக்கு, புகைக்கூண்டைத் திறந்து மழை இறங்காதபடி தொப்பி வைத்தார். பக்கச் சுவரின் உச்சியில் இரண்டு துவாரம் விட்டார். தகரத்தின் மேல் கீற்று பரப்பினார். இரண்டு நாள் கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

புறப்படும் நாளன்று பலகையில் 18 விழுக்காடு காட்டியது. தவலை விளக்கிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

கூடத்து ஓட்டை மொத்தமாகப் பிரித்து மேய வேண்டும், சித்திரையில் செய்யலாம் என்றார் பெரியவர். அவருடைய பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். உங்களால் அப்போது ஏற முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். “ஏணி பிடிக்க ஆள் இருந்தால் ஏறிவிடுவேன்” என்றார்.

ஏப்ரல் கடைசிக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.