குன்னூர் மஞ்சில் ஒரு எலக்ட்ரான் நுண்ணோக்கி: ஆறு வருட அனுபவம்

மேசைமேல் வைக்கும் ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி எங்கள் ஆய்வகத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையால் பொருளின் மேற்பரப்பை வருடிப் படமெடுக்கும் கருவி இது. பெரும்பாலும் தேயிலைதான் பார்க்கிறோம். மலையில் இதை வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் மஞ்சுக்கும் சேர்த்துத் திட்டம் போட்டு வாங்குங்கள்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும், சாதாரண நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குள் நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் குழம்பிவிடும். எலக்ட்ரானுக்கும் அலை உண்டு, உந்தம் கூடினால் அலைநீளம் குறையும் என்று 1924இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டி பிராய் சொன்னார். 1927இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தில் எலக்ட்ரான்களை மோதவிட்டு அதைச் சோதனையிலேயே காட்டிவிட்டார்கள். எங்கள் கருவியை 15 கிலோவோல்ட்டில் ஓட்டினால் அலைநீளம் சுமார் 0.01 நானோமீட்டர், அணுவைவிடச் சிறியது. அப்போ அணு தெரியணுமே சார் என்று மாணவர்கள் வருடம் தவறாமல் கேட்பார்கள். தெரியாது. எலக்ட்ரானைக் குவிக்கும் காந்த லென்ஸின் குறைகளும் கற்றை குவியும் புள்ளியின் அகலமும் அதற்கு வெகுமுன்பே குறுக்கே நின்றுவிடும். அலை நமக்குத் தாராளமாகவே தருகிறது, பற்றாக்குறை எல்லாம் மற்ற இடங்களில்.

அதில் முதல் இடம் ஈரத்துக்கு. காற்று இருந்தால் எலக்ட்ரான் வழியிலேயே மோதிச் சிதறும், அதனால் உள்ளே வெற்றிடம் வேண்டும். ஜனவரியில் பம்பு சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். ஜூலையில் மஞ்சு ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்போது, கருவியின் உள்ளறைச் சுவரில் ஒட்டிய நீராவி விடவே விடாது. மாதிரிகளை வைக்கும் பெட்டியில் ஈரம் உறிஞ்சப் போட்ட நீல சிலிக்கா ஜெல் ஒரே வாரத்தில் ரோஸ் நிறமாகிவிடும். ஓவனில் வறுத்து மறுபடி நீலமாக்கிக்கொள்கிறோம்.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? போன ஆகஸ்ட்டில் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சிறு விவசாயி கொழுந்தோடு வந்தார். மேல்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளையாகப் புடைத்திருந்தது. பூஞ்சையால் வரும் கொப்புள நோய் என்பது அவருக்கே தெரியும். "உள்ள என்னதான் நடக்குதுன்னு பாக்கணும் தம்பி" என்றார். இலையை ஆல்கஹாலில் படிப்படியாக நீர் நீக்கி, உலர்த்தி, மெல்லிய தங்கப் பூச்சு கொடுத்தோம். பூச்சு இல்லாவிட்டால் எலக்ட்ரான் இலையிலேயே தேங்கிப் படம் வெள்ளையாகப் பளீரிடும். மறுநாள் 5 கிலோவோல்ட்டில் வைத்தபோது, இலைத் தோலைக் கிழித்துக்கொண்டு காடு மாதிரி நின்ற பூஞ்சைக் காம்புகளும் நுனியில் வித்துகளும் தெரிந்தன. அந்த வித்துகளை ஒளி நுண்ணோக்கியிலும் பார்க்கலாம். ஆனால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே சமயத்தில் தெளிவாக நிற்கும் இந்த ஆழம் அதில் வராது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அரை மணி நேரம் பார்த்தார்.

குறைகள் உண்டு. கொண்டை ஊசி வடிவ டங்ஸ்டன் இழை அறுந்துகொண்டே இருக்கும், இரண்டு மூன்று எப்போதும் கையிருப்பில் வேண்டும். முதல் வருடம் யுபிஎஸ் இல்லாமல் ஓட்டினோம். கரண்ட் போய்ப் போய் வந்ததில் பம்பு பழுதானது. கீழேயிருந்து ஆள் மலையேறி வந்து சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அப்புறம், ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை நுண்ணோக்கியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். எங்கள் அறையில் மே கடைசியில் அதைப் போட்டால் டிசம்பரில்தான் நிறுத்துகிறோம்.