ஓதத்தை எழுப்புவது நிலவா, சூரியனா?

பூமியை இழுக்கும் ஈர்ப்பில் சூரியன் நிலவைவிட ஏறத்தாழ 180 மடங்கு வலியது. ஆயினும் கடல் ஓதத்தில், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதில், முதலிடம் நிலவுக்கே. ஓதத்தை எழுப்புவது மொத்த இழுவையன்று, பூமியின் அண்மைப் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே அவ்விழுவையில் உண்டாகும் வேறுபாடே என்பதாலும், அவ்வேறுபாடு தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதாலும், சராசரியாக 384,400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலவை 15 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சூரியனால் விஞ்ச முடிவதில்லை. சூரியனின் பங்கு நிலவினுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. பூரணையிலும் அமாவாசையிலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்று பெருக்கை உயர்த்துகின்றன. அரைநிலவு நாட்களில் செங்கோணத்தில் நின்று தணிக்கின்றன. காலிமுகத்திடலில் நிற்பவருக்கு இது எளிதில் புலப்படாது, ஏனெனில் கொழும்பில் நீர்மட்டம் போயா எனப்படும் பூரணை நாளிலும் ஒரு மீற்றருக்குள்ளேயே ஏறி இறங்குகிறது. தென்மேற்குப் பருவத்தில் சுவரில் மோதி நடைபாதையை நனைப்பது காற்று எழுப்பும் அலை. அதை நிலவின் கணக்கில் எழுதுவது சரியன்று.